‘அந்த மூலையைப் பாருங்க’ என்றால் தெரிகிறது, தானாகத் தெரியவில்லையே?

ஆத்தங்குடியிலிருந்து 51 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

“டாக்டரம்மா, தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் 18 வருஷமாக வேலை பார்க்கிறேன். முன்பு கலர் ஊற்றினேன். இப்போது இரண்டு வருஷமாகத் தொட்டியிலிருந்து எடுத்த கல்லைப் பார்த்துத் தரம் பிரிக்கிற வேலை. மூலை உடைசல், நிறம் கோட்டைத் தாண்டி இறங்கியது, மயிரிழை போலக் கீறல் என்று எதுவும் இருந்தால் ஒதுக்க வேண்டும். சமீபமாக நிறைய விட்டுவிடுகிறேன். பக்கத்தில் இருக்கிற பெண் ‘அக்கா, அந்த மூலையைப் பாருங்க’ என்றால் உடனே பளிச்சென்று தெரிகிறது. அவள் சொல்லாவிட்டால் கண் அதன்மேலேயே போய்விட்டு வந்துவிடுகிறது. நிறம் இறங்கியிருக்கிறது என்று இரண்டாம் தரத்தில் வைத்த கல்லில் கீறலும் இருக்கிறதென்று முதலாளி எடுத்துக் காட்டுகிறார். போன மாதம் ஸ்கூட்டரில் காரைக்குடிக்குப் போகும்போது ஓர் ஆடு குறுக்கே வந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் போனேன், ஆனால் கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. கண்ணாடிக் கடையில் சோதித்துவிட்டுத் தூரப் பார்வை நன்றாக இருக்கிறது என்று படிக்க மட்டும் கண்ணாடி கொடுத்தார்கள். எனக்குக் கண்ணில் கோளாறா, மூளை மந்தமாகிறதா? வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.”

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கண் டாக்டர் இல்லை. காரைக்குடியில் 20 வருஷமாகக் கண் பரிசோதகராக இருக்கிறேன். மருந்து, அறுவை சிகிச்சை எல்லாம் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டது என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பதிலில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பக்கத்துப் பெண் சொன்னதும் குறை தெரிகிறது என்றால், அதைப் பார்க்கிற பலம் உங்கள் கண்ணுக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த மூலைக்குக் கவனம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கண் போகிற இடத்துக்கெல்லாம் கவனமும் ஒட்டிக்கொண்டே போகும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கவனத்துக்குத் தனி நடை உண்டு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக அதற்கு நேரம் ஆகிறது. அது ஏற்கெனவே போய் நிற்கிற இடத்தில் ஒன்று நடந்தால் சீக்கிரம் தெரியும். வேறிடத்தில் நடந்தால் தாமதமாகத் தெரியும், சில சமயம் தெரியாமலே போகும்.

இதை உங்கள் பட்டறைக் கல்லை வைத்தே பார்த்துவிடலாம். நடுவில் பூ இருக்கிற எட்டு அங்குலக் கல் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்காருங்கள். பூவின் நடுப்புள்ளியில் கண்ணை நிறுத்துங்கள். கட்டைவிரலை நீட்டிப் பிடித்தால் அதன் நகம் மறைக்கிற அளவு இடம்தான் நமக்குத் துல்லியமாகத் தெரிகிற இடம். கல்லின் மற்ற பகுதி எல்லாம் கொஞ்சம் மங்கல்தான். இப்போது கண்ணை அசைக்காமல் வலது மேல் மூலையில் என்ன நிறம், கோடு எப்படி வளைகிறது என்று மனதை மட்டும் அனுப்பிப் பாருங்கள். மங்கலாக இருந்தாலும் அந்த மூலை மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் முன்னுக்கு வரும். அப்புறம் இடது கீழ் மூலைக்கு அனுப்புங்கள். வலது மேல் மூலை பின்வாங்குவது உங்களுக்கே தெரியும். இத்தனை நேரமும் கண் பூவை விட்டு நகரவே இல்லை.

ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்து பார்த்தார். இருட்டறையில் எழுத்துகள் அச்சடித்த தாள் ஒன்றை வைத்தார். அதன் நடுவில் சிறு ஒளிப்புள்ளி. கண்ணை அந்தப் புள்ளியில் வைத்துக்கொண்டு, தாளின் எந்தப் பக்கத்தைக் கவனிப்பது என்று முன்கூட்டியே மனதில் முடிவு செய்துகொள்வார். பிறகு ஒரு மின்பொறியை வெட்டவிடுவார். கண் அசையக்கூட நேரமில்லாத வெளிச்சம். ஆனாலும் மனதை வைத்திருந்த பக்கத்து எழுத்துகளை அவரால் வாசிக்க முடிந்தது, மற்றவை தப்பிப்போயின.

கவனத்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தவர் அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் போஸ்னர். 1980-இல் வெளிவந்த அவருடைய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் எடுத்துப் பார்க்கிற ஒன்று. சோதனைக்கு வந்தவர் நடுவில் பார்த்தபடி இருக்க வேண்டும், கண்ணை அசைக்கக் கூடாது. நடுவில் இடமோ வலமோ ஓர் அம்புக்குறி வரும். பிறகு ஒரு பக்கம் விளக்கு எரியும். எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். பத்தில் எட்டு முறை அம்பு காட்டிய பக்கமே எரியும், இரண்டு முறை ஏமாற்றும். அம்பு சரியாகக் காட்டியபோது ஆட்கள் சீக்கிரம் அழுத்தினார்கள். தப்பாகக் காட்டியபோது, அம்பே வராமல் இருந்தால் ஆகிற நேரத்தைவிட அதிகம் ஆனது. கவனம் போன இடத்திலிருந்து அதைக் கழற்றி, மறுபக்கம் கொண்டுவந்து, அங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது இல்லையா, அதற்கான நேரம். வித்தியாசம் ஒரு நொடியில் நூறில் சில பங்குதான். ஆனால் கண் அசையாமல், விளக்கும் மாறாமல், கவனத்தால் மட்டும் வந்த வித்தியாசம் அது.

‘அந்த மூலையைப் பாருங்க’ என்று அந்தப் பெண் சொல்வதுதான் உங்களுக்கு அந்த அம்புக்குறி. அவள் கண் உங்கள் கண்ணைவிடக் கூர்மை என்று அர்த்தமில்லை. அவள் சொல்லும்போது உங்கள் கவனத்துக்குத் தேடுகிற வேலை மிச்சமாகிறது.

சரி, சொல்ல ஆளில்லாதபோது என்ன ஆகிறது? கவனம் இரண்டு விதமாக நகரும். மின்னல், சத்தம், திடீர் அசைவு என்று வெளியிலிருந்து ஒன்று அதைப் பிடித்து இழுப்பது முதல் விதம். இது வெகு வேகம், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கில் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் அங்கே நிலைக்காது. நாமாக நினைத்து அனுப்புவது இரண்டாவது. இதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி வேண்டும், நிறுத்தி வைக்க நினைத்தால் நிற்கும். மயிரிழைக் கீறல் யாரையும் கூப்பிடாது. அது அசையாது, மின்னாது, சுற்றிலும் இருக்கிற பூவும் கொடியும்தான் கண்ணை இழுக்கும். ஆகவே கீறலைப் பிடிக்க ஒவ்வொரு இடத்துக்கும் நீங்களே கவனத்தை அனுப்பியாக வேண்டும்.

ஒரு கல்லுக்கு எத்தனை நொடி கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எண்ணிப் பாருங்கள். நான்கு மூலை, நான்கு ஓரம், நடு: ஒன்பது இடம். இடத்துக்கு மூன்றில் ஒரு நொடி என்றாலே மூன்று நொடி ஆகிவிட்டது, இன்னும் கல்லைத் தூக்கவில்லை, திருப்பவில்லை, அடுக்கவில்லை. இதைவிட வேகமாகக் கல் உங்கள் கையைத் தாண்டுகிறது என்றால் சில இடங்களுக்குக் கவனம் போகவே இல்லை. அந்த இடங்களில் குறை தப்புவதற்கு உங்கள் வயதும் மூளையும் பொறுப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. கவனம் ஓரிடத்தை விட்டுக் கிளம்பிவிட்டால், அடுத்த ஓரிரு நொடிக்கு அதே இடத்தில் எதையும் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுகொள்ளும். போஸ்னரும் யோவ் கோஹன் என்பவரும் 1984-இல் இதை எழுதினார்கள். முறத்தில் அரிசி பொறுக்குகிறவர்களுக்கு இது நல்லது, பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்காமல் கை முன்னேறும். தரம் பார்க்கிறவர்களுக்குத்தான் இடைஞ்சல். சந்தேகம் வந்து அந்த மூலையையே உடனே மறுபடி பார்ப்பதில் பெரிய பலன் இருக்காது. கல்லைக் கால்வட்டம் திருப்பிவைத்து, முதலிலிருந்து வாருங்கள்.

ஒரு குறையைக் கண்ட கல்லில் இரண்டாவது குறை தப்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது எக்ஸ்ரே படம் பார்க்கிற மருத்துவர்களுக்கும் நடக்கிறது. ஒரு கட்டியைக் கண்டுபிடித்ததும் மனம் ‘கிடைத்துவிட்டது’ என்று தேடலை நிறுத்திக்கொள்கிறது, பக்கத்தில் இருக்கிற இரண்டாவது நிழல் தப்பிவிடுகிறது. 1960-களிலிருந்தே இதைப் பற்றி ஆய்வு செய்கிறார்கள். போதாததற்கு, ஒன்றைக் கண்டுகொண்ட அடுத்த அரை நொடிக்கு மனம் அதிலேயே வேலையாக இருக்கிறது, அதற்குள் வேறொன்று பளிச்சென்று வந்து போனாலும் பதிவாவதில்லை. நிறம் இறங்கியதைக் கண்டதும் கல்லை ஒதுக்காதீர்கள். சாக்பீஸால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள், மறுபடி முதல் மூலையிலிருந்து தொடங்குங்கள். முதலாளிக்கும் புள்ளியைக் கண்டால் எதனால் ஒதுக்கினீர்கள் என்று புரியும்.

உங்கள் பட்டறை நல்ல பட்டறையாக இருந்தால் குறையுள்ள கல் அரிதாகத்தான் வரும். அதுவே ஒரு கஷ்டம். ஜெரமி வுல்ஃப் என்பவரும் அவர் குழுவும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தேடுகிற பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது ஆட்கள் 7 சதவீதம்தான் தவறவிட்டார்கள். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் வைத்தபோது ஏறக்குறைய 30 சதவீதம் தவறவிட்டார்கள். ஆட்களுடைய கண் மாறிவிடவில்லை. ‘இருக்காது’ என்று மனம் பழகியதும் கை சீக்கிரம் தாண்டிவிடுகிறது. விமான நிலையங்களில் பெட்டி சோதிப்பவர்களின் திரையில் அவ்வப்போது கத்தி, துப்பாக்கிப் படங்களைப் பொய்யாகக் காட்டுவது கண்ணை இப்படி மெத்தனமாக விடாமல் இருக்கத்தான். நீங்களும் செய்யலாம். பின்புறம் அடையாளம் போட்ட பழைய குறைக் கற்கள் நாலைந்தை அந்தப் பெண் உங்களுக்குத் தெரியாமல் அடுக்கில் கலந்து வைக்கட்டும். எத்தனை பிடித்தீர்கள் என்று உடனே சொல்லட்டும். அவள் பார்க்கும் நேரத்தில் நீங்கள் கலந்து வையுங்கள்.

என் அப்பத்தா வீட்டு முகப்பில் பூக்கல் தளம். அதில் ஒரு கல் கால்வட்டம் திரும்பிப் பதிந்திருக்கிறது, கொடி பக்கத்துக் கல்லோடு சேராமல் வெட்டி நிற்கிறது. அந்தத் தளத்தில்தான் நான் தவழ்ந்தேன், கோலி விளையாடினேன், கல்யாணப் பந்திக்கு இலை போட்டேன். ஒருநாளும் கண்ணில் படவில்லை. ஓடு மாற்ற வந்த கொத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், “இந்தக் கல்லைத் திருப்பிப் போட்டுட்டாங்களே ஆச்சி” என்றார். அவருக்குக் கல் கண்ணில் படுவதில்லை, கல்லும் கல்லும் சேருகிற இடம்தான் படுகிறது, அங்கேயே அவர் கவனம் போய் நிற்கிறது. இப்போதெல்லாம் அந்த வீட்டுக்குள் போனால் எனக்கு முதலில் தெரிவதே அந்தக் கல்தான்.

ஆட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உங்களைப் பற்றிக் கவலை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். கவனம் அரை நொடி தாமதித்தால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே ஐந்தரை மீட்டர் போய்விடும். ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன் என்று நீங்கள் சொன்னதை நான் முழுக்க நம்புகிறேன். கண் ரோட்டில் இருந்திருக்கும், கவனம் வேறெங்காவது இருந்திருக்கும். காதில் செல்போன் மாட்டிப் பேசிக்கொண்டு போகிறவர்களுக்கு இரண்டு கையும் வண்டியில் இருந்தும் இது நடக்கிறது. பேச்சுதான் கவனத்தை எடுத்துக்கொள்கிறது. வண்டியில் போகும்போது போன் வேண்டாம், கைபடாத போனும் வேண்டாம்.

அத்துடன், கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும்போது, அந்தத் தாவலின் நேரத்தில் நமக்கு ஏறக்குறைய எதுவும் தெரிவதில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். இப்படி நொடிக்கு மூன்று தாவல். குறுக்கு ரோட்டில் தலையைச் சட்டென்று இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசிவிட்டுக் கிளம்பினால், நடுவில் இருந்த சைக்கிள் அப்படித்தான் காணாமல் போகிறது. ஒவ்வொரு பக்கமும் பார்வையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள்.

நம் பக்கத்து ரோடுகளில் எங்கே என்ன வரும் என்று உங்களுக்கு என்னைவிடத் தெரியும். கண்மாய்க் கரை முடிகிற இடம், கருவேலம் புதர் ரோட்டை ஒட்டி நிற்கிற இடம், தைப்பூச சமயத்தில் விடியற்காலையில் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் நடக்கிற ஓரம். அந்த இடங்கள் வருவதற்கு முன்பே ‘இடது பக்கம் ஆடு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் சொன்ன பக்கம் கவனம் போகும். ஒரு ஆடு தாண்டினால் அதையே பார்த்துக்கொண்டிருக்காமல், அது வந்த பக்கத்துக்குக் கவனத்தைத் திருப்புங்கள். பின்னால் குட்டி வரும்.

வயதாக ஆக, ஒரே பார்வையில் கவனிக்க முடிகிற வட்டம் சற்றுச் சுருங்குகிறது, எதிர்வினையும் கொஞ்சம் மெதுவாகிறது. அது உண்மை, மறைக்க மாட்டேன். 51 வயதில் அது பயப்படுகிற அளவு இருக்காது. போனில் கவனத்தைக் கூட்டும் விளையாட்டு என்று காசு கேட்பவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலும் அந்த விளையாட்டில்தான் தேறுவீர்கள்.

இப்போது கண் விஷயம். நீங்கள் அனுப்பிய சீட்டில் எழுத்துப் பலகையும் கண்ணாடி எண்ணும் மட்டும்தான் இருக்கின்றன. கண் அழுத்தம் பார்த்ததாக இல்லை, கண் நரம்பைப் பார்த்ததாகவும் இல்லை. கண்நீர் அழுத்த நோய், குளுக்கோமா என்பார்கள், வலியில்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வரும். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை வாசிப்பவருக்கும் அது இருக்கலாம். பக்கத்திலிருந்து வந்தது தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அதைப் பார்க்காமல் விட எனக்கு மனம் வராது. இந்த மாதமே ஒரு கண் மருத்துவரிடம் அழுத்தமும், நரம்பும், ஓரம் வரை பார்வை இருக்கிறதா என்று பார்க்கிற பார்வைப் புலச் சோதனையும் பார்த்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கண்ணாடியும் ஒரு காரணமாக இருக்கலாம். படிக்கிற கண்ணாடி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தூரத்துக்குச் செய்தது. மேசையில் கிடக்கிற கல் உங்கள் கண்ணிலிருந்து 60, 70 சென்டிமீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தில் உங்கள் கண்ணாடி மங்கல் காட்டும், கழற்றினாலும் மங்கல்தான். மயிரிழைக் கீறலுக்கு அந்த மங்கல் போதும், கவனம் போய்ச் சேர்ந்தாலும் பிடிபடாது. வேலைத் தூரத்துக்குத் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். விளக்கு தலைக்கு மேலே இருந்தால் பக்கவாட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் கீறலின் ஓரத்தில் நிழல் விழும், அந்த நிழல் கண்ணைத் தானே கூப்பிடும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தப்பிய குறை ஒவ்வொன்றும் கல்லின் எந்தப் பக்கம் இருந்தது, காலையா சாயங்காலமா என்று ஒரு மாதம் எழுதுங்கள். எல்லாப் பக்கமும் கலந்து வந்தால் நான் மேலே எழுதியதுதான் காரணம். தொடர்ந்து ஒரே பக்கம், அதுவும் இடது பக்கமாகவே தப்புகிறது என்றால், அல்லது திடீரென்று ஒரு நாளில் தொடங்கியது என்றால், நரம்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூளையில் அடிபட்டவர்களுக்குச் சில சமயம் கண் நன்றாக இருந்தும் ஒரு பக்கத்துக்குக் கவனம் திரும்பாமல் போகும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. எழுதிப் பார்ப்பது உங்கள் நிம்மதிக்காக.

சாயங்காலம்தான் அதிகம் தப்புகிறது என்று வந்தால் அதை முதலாளியிடம் காட்டுங்கள். நார்மன் மாக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், ரேடார் பார்ப்பவர்களைப் போல ஓர் ஊசியின் அசைவில் மாற்றம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஆட்களை உட்கார வைத்தார். முதல் அரை மணியிலேயே அவர்கள் தவறவிடுவது கூடிவிட்டது. அவர்கள் பயிற்சி பெற்ற இளைஞர்கள். நீங்கள் நாள் முழுக்க உட்காருகிறீர்கள். அரை மணிக்கு ஒருமுறை அந்தப் பெண்ணும் நீங்களும் மாறி மாறிப் பார்த்தால் தப்புகிற கல் குறையும், முதலாளிக்கும் அதில் லாபம்தான். 16 வருஷம் கலர் ஊற்றிய கை உங்களுடையது. நிறம் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டும் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? அந்த இடங்களை முதலில் பாருங்கள், மற்றதை வரிசையாகப் பாருங்கள்.

நாளைக்கு வேலையில் உட்காரும்போது, மூக்கின் மேல் கண்ணாடி உட்காருகிற இடத்திலிருந்து மேசையில் இருக்கிற கல் வரை ஒரு நூலைப் பிடித்து அளந்து, அந்த இடத்தில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். கண்ணாடி மாற்ற யாரிடம் போனாலும் அந்த நூலை எடுத்துக்கொண்டு போங்கள்.